கரைத்தூண் எங்கே நிற்கிறது

"தாராளமா இடம் விட்டிருக்கோம். ஆடு மாடே போகும், நரி போகாதா?" பாலம் வடிவமைப்பதையே தொழிலாகக் கொண்ட என் நண்பன் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னது இது. ஆற்றுப் பள்ளத்தாக்கின் குறுக்கே நகர ரயில் போட்டால் அங்கே நடமாடுகிற விலங்குகள் என்ன ஆகும் என்று நான் கேட்டிருந்தேன். அவன் பதிலில் அலட்சியம் கிடையாது. தூணுக்கும் தூணுக்கும் நடுவே நாற்பது, ஐம்பது மீட்டர் இடைவெளி. உயரமோ மூன்று மாடி. வரைபடத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனாலும் அந்தப் பதில் எனக்குச் செரிக்கவில்லை. இடம் இருந்துவிட்டால் வழியும் இருந்துவிடுமா என்ற கேள்வி அதன்பிறகு ஒவ்வொரு ரயில் பாலத்தைக் கடக்கும்போதும் மனதில் எழுந்துகொண்டே இருந்தது.

நகரத்துக்குள் ஓடும் ஆற்றின் நிலைமையே தனி. மேட்டு நிலமெல்லாம் வீடும் சாலையுமாக ஆன பிறகும் ஆற்றோரம் மட்டும் ஓரளவு தப்பி நிற்கும். வெள்ளம் ஏறும், கரை சரியும், கட்டடம் நிற்காது என்பதால் கிடைத்த பாதுகாப்பு அது. புதர், நாணல், விழுந்து கிடக்கும் மரம், நிழல், தண்ணீர் எல்லாம் அங்கே விட்டுப்போகாமல் ஒரே தொடராகக் கிடைக்கும். நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மனிதர் கண்ணில் படாமல் போக விலங்குகளுக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரே தடம்தான். காட்டில் ஒரு பாதையை அடைத்தால் சுற்றிப்போக இன்னொன்று இருக்கும். இங்கே அடைத்தால் சுற்றுவழி என்பது தெருக்கள். ரயில் திட்டம் போடுகிறவர்களுக்கும் இதே நிலம் கண்ணில் படுகிறது. இடிக்க வீடு இல்லை, இழப்பீடு கேட்க ஆள் இல்லை, பெரும்பாலும் பொது நிலம். ஆக, இரண்டு தரப்புக்கும் வேண்டியது அதே இடம். அவற்றில் ஒரு தரப்புக்குத்தான் கூட்டத்தில் வந்து பேச வாய் இருக்கிறது.

கனடாவின் எட்மன்டன் நகரத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு இது இன்னும் தெளிவானது. வடக்கு சஸ்காட்சுவான் ஆறு அந்த நகரத்தின் நடுவே வளைந்து வளைந்து ஓடுகிறது. நகர எல்லைக்குள் மட்டும் சுமார் 48 கிலோமீட்டர். மான், பீவர், நரியைவிடச் சற்றுப் பெரிய கொயோட்டி எல்லாம் அந்தப் பள்ளத்தாக்கில் உண்டு. சில சமயம் மூஸ் மான்கூட வந்து நிற்கும். 1985-லேயே பள்ளத்தாக்குக்கென்று தனித் திட்ட விதிகள் கொண்டுவந்தார்கள். அங்கே எதையாவது கட்ட வேண்டுமானால் சுற்றுச்சூழல் ஆய்வு வேண்டும் என்றார்கள். 2010-ல், விலங்குகள் கடக்கும் வழிகளை எப்படி அமைப்பது என்று பொறியாளர்களுக்காக ஒரு கையேடும் வெளியிட்டார்கள். அதில் எனக்குப் பிடித்தது, விலங்குகளை அவற்றின் தேவையை வைத்துப் பிரித்திருந்தது: பெரிய உடல், நடுத்தர உடல், சிறிய உடல், நிலத்திலும் நீரிலும் வாழ்பவை என்று. வடிவமைப்பாளருக்கு உயிரினப் பெயரைவிட அதன் தோள் எவ்வளவு உயரம், எப்படி நடக்கும், எதைக் கண்டு தயங்கும் என்பதுதான் பயன்படும். அதே பள்ளத்தாக்கைக் கடந்துதான் 'வேலி லைன்' (Valley Line) என்ற நகர ரயிலின் தென்கிழக்குப் பாதை போகிறது. 13 கிலோமீட்டர். 2016-ல் வேலை தொடங்கி 2023 நவம்பர் 4 அன்று ஓடத் தொடங்கியது. அந்த ஆண்டுக்கணக்கைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ரயிலும் விலங்கும் என்றாலே நம்மில் பலருக்கு மதுக்கரையும் வாளையாறும் அங்கே தண்டவாளத்தில் இறந்த யானைகளும்தான் நினைவுக்கு வரும். அது மோதல் பிரச்சினை; வேகத்தைக் குறைப்பது, கேமரா வைத்து முன்கூட்டியே எச்சரிப்பது என்று அதற்குச் சில வழிகள் இருக்கின்றன. நகர ரயிலில் ஆபத்து பெரும்பாலும் வேறு விதம். வண்டி சில நிமிடத்துக்கு ஒன்று போகும், இரு பக்கமும் வேலி இருக்கும், விளக்கு எரியும். விலங்கு அடிபடாமலேகூட இருக்கலாம். ஆனால் அது அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிடும். அப்படி நின்றுபோனதற்குச் சடலம் எதுவும் சாட்சியாகக் கிடைக்காது, செய்தியும் வராது. மேல்பக்கத்துக் கூட்டமும் கீழ்ப்பக்கத்துக் கூட்டமும் தனித்தனியாகிவிடும். குட்டிகள் வளர்ந்து புது இடம் தேடிக் கிளம்பும் காலத்தில் அவற்றுக்குப் போக்கிடம் இருக்காது. இந்தச் சேதம் தெரியவரப் பல ஆண்டுகள் ஆகும்.

மண்கரைக்குள் ஒரு துளை

பள்ளத்தாக்கைக் கடப்பது என்றால் ஆற்றுக்கு மேல் ஒரு பாலம் என்று மட்டும்தான் நினைக்கிறோம். ஆனால் பள்ளத்தாக்கு ஆற்றைவிடப் பல மடங்கு அகலம். இரு பக்கச் சரிவிலிருந்தும் ரயில் இறங்கி வர வேண்டும். அந்த இறக்கத்தை மண்ணைக் கொட்டி உயர்த்திய மண்கரையாகப் போடுவதா, தூண் மேல் கொண்டுவருவதா என்பதில்தான் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது. மண்கரை செலவு குறைவு. வெட்டி எடுத்த மண்ணைக் கொட்டவும் ஓர் இடம் கிடைத்துவிடும். "அடியில் ஒரு கல்வெர்ட் (மண்கரைக்குள் குறுக்கே போகும் குழாய் அல்லது கான்கிரீட் பெட்டி) வைத்துவிடுவோம், விலங்கு அதில் போகும்" என்று அறிக்கையில் எழுதிவிடுவார்கள்.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கடக்கும் வழியின் அகலத்தை உயரத்தால் பெருக்கி, உள்ளே நடக்க வேண்டிய நீளத்தால் வகுக்க வேண்டும். மீட்டரில் போட்டால் வருகிற எண் அந்த வழி எவ்வளவு திறந்ததாகத் தெரியும் என்பதற்கு ஓர் அளவு. வட அமெரிக்காவின் மியூல் மான்களை வைத்து 1970-களில் செய்த ஆய்வுகளிலிருந்து, மானுக்குக் குறைந்தது 0.6 வேண்டும் என்று வழக்கத்தில் எடுத்துக்கொள்கிறார்கள். இப்போது ஆறு மீட்டர் உயர மண்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே இரட்டைத் தடத்துக்குப் பத்து மீட்டர் அகலம். ஒரு மீட்டர் உயரத்துக்கு இரண்டு மீட்டர் என்ற சரிவு. அடியில் மண்கரையின் அகலம் 34 மீட்டர் ஆகிவிடும். அதற்குள் மூன்றுக்கு மூன்று மீட்டரில் ஒரு கான்கிரீட் பெட்டி வைத்தால் கணக்கு 0.26 என்று வரும். மான் வாசலில் நின்று மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். அதே ரயிலைத் தூண் மேல் கொண்டுபோனால் நடக்க வேண்டிய நீளம் பத்து மீட்டர்தான். கரையோரம் நான்கு மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் உயரமும் கிடைத்தால் 1.2. அதாவது மண்கரையா தூணா என்று முடிவு செய்கிறவர் அந்த நேரத்திலேயே மானுக்கும் முடிவு செய்துவிடுகிறார், அவருக்கு அது தெரியாவிட்டாலும்.

இந்த எண்ணையே வேதமாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் நெடுஞ்சாலைக்கு மேலும் கீழும் கட்டிய 44 கடவுகளில் நீண்டகாலம் கண்காணித்தார்கள். பழுப்புக் கரடி, மான், ஓநாய் எல்லாம் அகலமான, திறந்த வழிகளை நாடின. கருங்கரடியும் மலைச்சிங்கமும் குறுகிய, இருண்ட வழிகளைத் தேடிப் போயின. எல்லோருக்கும் பொதுவான ஒரு கதவு கிடையாது. அதனால்தான் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரே ஒரு 'விலங்குச் சுரங்கம்' வைத்து வேலையை முடித்துவிட்டதாக எழுதும் அறிக்கைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

சேற்றில் ஒரு தடம்

என் கேள்வி ஓயாததைப் பார்த்துவிட்டு, "வா, ஒரு பாலத்துக்கு அடியிலேயே போய்ப் பார்த்துடலாம்" என்று நண்பனே ஒருநாள் கூட்டிக்கொண்டு போனான். புதியதல்ல, சில காலமாக ரயில் ஓடிக்கொண்டிருக்கும் பாலம். தண்ணீர் இறங்கியிருந்த நேரம். கரையில் மெல்லிய வண்டல் படிந்து, மேல்தோல் மட்டும் காய்ந்திருந்தது. கால்தடம் விழுவதற்கு அதைவிட நல்ல மண் அமையாது. பாலத்துக்குக் கொஞ்ச தூரத்துக்கு முன்பே ஒரு தடத்தைப் பார்த்துவிட்டோம். நாய் இனம்தான், ஆனால் நாய் போல அங்குமிங்கும் அலையவில்லை. ஒரு கால் வைத்த இடத்திலேயே பின்கால் விழ, நூல் பிடித்த மாதிரி நீர் விளிம்பை ஒட்டியே பாலத்தை நோக்கிப் போயிருந்தது. நரியாக இருக்கலாம் என்றேன். நண்பன் முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு. "பார்த்தியா, நேரா அடியிலதான் போகுது."

தடத்தைப் பின்தொடர்ந்தோம். பாலத்தின் நிழல் விழும் இடத்தில் வண்டல் முடிந்தது. அங்கிருந்து, பாலத்தின் முனையைக் கரையில் தாங்கும் கரைத்தூணின் அடிவரைக்கும் கருங்கல். அரிப்பைத் தடுக்கக் கொட்டியவை, ஒவ்வொன்றும் ஒரு ஆள் தூக்க முடியாத கனம், நடுவே முழங்கால் இறங்கும் சந்துகள். கல் சரிந்து நேரே தண்ணீருக்குள் போனது. நாங்களே கையை ஊன்றித்தான் கடக்க வேண்டியிருந்தது. குளம்பு உள்ள எந்த விலங்கும் அதில் கால் வைக்காது. வைத்தால் கால் முறியும். நரியின் தடம் கல்லின் விளிம்பு வரை வந்திருந்தது. அங்கே நின்று மிதித்த மாதிரி மூன்று நான்கு தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தன. பிறகு அது இடப்பக்கம் திரும்பி, சரிவில் ஏறி, புல்லில் ஒரு ஒற்றையடிப் பாதையாக மாறியது. அந்தப் பாதை மேலே வேலிக்குப் போனது. வேலியின் அடியில் மண் பறித்த பள்ளம். கம்பியில் கொஞ்சம் ரோமம். வேலிக்கு அந்தப் பக்கம் ஜல்லி, தண்டவாளம்.

நண்பன் ரொம்ப நேரம் பேசவில்லை. பாலத்துக்கு அடியில் ஐம்பது மீட்டர் இடைவெளி இருந்தது உண்மை. அது முழுக்கத் தண்ணீருக்கு மேல் இருந்தது. கரைத்தூண் சரியாகக் கரை தொடங்கும் இடத்தில் நின்றது. அதற்கு முன்னால் இருந்த கொஞ்ச மண்ணையும் கல் எடுத்துக்கொண்டது. நரிக்கு வேண்டியது அந்த ஐம்பது மீட்டர் அல்ல, ஓரத்தில் கால் வைக்க இரண்டே மீட்டர் மண். பாலத்தின் கடைசிக் கண் (இரு தூண்களுக்கு நடுவே உள்ள பகுதி) கரைக்கு மேலும் நீண்டு, கரைத்தூண் இன்னும் சில மீட்டர் பின்னால் நின்றிருந்தால் அந்த நரி தண்டவாளத்துக்கு ஏறியிருக்காது. கல்லைத்தான் போட்டாக வேண்டும் என்றால் அதன் சந்துகளில் சிறு ஜல்லியும் மண்ணும் நிரப்பி, சாதாரண வெள்ளம் ஏறும் மட்டத்துக்கு மேல் ஒரு தட்டையான திண்ணை விட்டிருக்கலாம். இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை, பல ஊர்களில் செய்கிறார்கள். செலவும் பாலத்தின் மொத்தச் செலவில் கண்ணுக்கே தெரியாது.

தண்டவாளத்துக்கு ஏறிவிட்ட சிறு விலங்குக்கு என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானிலிருந்து ஒரு செய்தி உண்டு. நாரா பகுதியில் ஆமைகள் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு, ஏறி வெளியே வர முடியாமல் நடந்துகொண்டே போய், தண்டவாளம் பிரியும் இடத்தில் நசுங்கின. ரயிலும் தாமதமானது. ஜேஆர் வெஸ்ட் ரயில் நிறுவனம் கோபேயில் அப்போது இருந்த சுமா நீர்வாழ் உயிரினக் காட்சியகத்தோடு சேர்ந்து, தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே சிறு கான்கிரீட் வாய்க்கால் பதித்தது. ஆமை அதில் இறங்கி வெளியேறலாம். 2015 வாக்கில் இதைப் படித்தபோது எனக்கு மனம் நிறைந்துபோனது. ஒரு சாண் உயர இரும்பு ஒரு உயிருக்குச் சுவராகும் என்று யாரோ குனிந்து பார்த்திருக்கிறார்கள்.

மிச்சமிருக்கும் மண்ணில் யார் நடப்பது

சரி, கரைத்தூணைப் பின்னால் தள்ளியாயிற்று, கரையில் நல்ல மண் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த நாளே அங்கே ஒரு நடைபாதை வந்துவிடும். ஆற்றோர நடைபாதையும் சைக்கிள் பாதையும் நகரத்தின் எல்லாத் திட்டத்திலும் உண்டு. பாலத்தின் அடியில் போவதற்கு அவற்றுக்கும் அந்த ஓரம்தான் வேண்டும். அப்புறம் பாதுகாப்புக்காக விளக்கு. பான்ஃப் ஆய்வை நடத்திய டோனி கிளெவெஞ்சர் குழுவினர் 2000-ல் வெளியிட்ட கட்டுரையின் முடிவு இதில்தான் உறைக்கிறது: எவ்வளவு நன்றாக வடிவமைத்த அடிப்பாதையும், மனித நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தாவிட்டால் பயனற்றுப் போகலாம். நானும் ஆற்றோரம் நடக்கப் பிடிக்கிற ஆள்தான். மனிதர் வரவே கூடாது என்று நான் கேட்கவில்லை. ஒரு கரை மனிதருக்கு, மறுகரை விலங்குக்கு என்று பிரிக்கலாம். இரண்டு கரையிலும் பாதை வேண்டும் என்பது நம் பேராசை. எட்மன்டனின் டவாடினா பாலத்தில் நடப்போருக்கான பாதை ரயில் தளத்துக்குக் கீழே தொங்குகிறது. மனிதரை மண்ணிலிருந்து தூக்கி உயரத்தில் நடத்த முடியும் என்பதற்கு அதைப் பார்த்தாலே போதும்.

விளக்கு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது என் கட்சி. ஆற்றை ஒட்டிப் பறக்கும் வெளவால்களில் சில இனங்கள் வெளிச்சம் விழுந்த இடத்தைத் தாண்டவே தாண்டாது. பாலத்தின் மேல் விளக்கு தளத்தைப் பார்த்து இருக்கட்டும்; தண்ணீர்மேல் விழ வேண்டாம். நள்ளிரவில் ரயில் நின்ற பிறகு அதுவும் எரிய வேண்டியதில்லை.

கட்டும் காலம்

மேலே ஒரு ஆண்டுக்கணக்கைச் சொன்னேன். 2016 முதல் 2023 வரை. நமக்கு அது ஒரு தாமதம், பேச்சுக்குப் பேச்சு நொந்துகொள்ளும் விஷயம். பள்ளத்தாக்கில் வாழும் ஒரு நரிக்கோ கொயோட்டிக்கோ அது கிட்டத்தட்ட ஆயுள் முழுவதும். கட்டி முடித்த பிறகு விலங்குகளுக்கு எவ்வளவு அழகான வழி இருக்கும் என்று அறிக்கைகள் பக்கம் பக்கமாகச் சொல்லும். நடுவில் அந்த ஆண்டுகளில் கரை முழுக்கத் தகர வேலி, ஆற்றுக்குள் கிரேன் நிற்க மண் மேடை, இரவெல்லாம் ஃபிளட் லைட் என்று இருப்பதைப் பற்றி ஒரு பத்திதான் இருக்கும். தாய்க்கு வழி தெரியாமல் போனால் குட்டிக்கு யார் காட்டுவார்கள்? பான்ஃபில் பழுப்புக் கரடிகள் புதிய கடவுகளுக்குப் பழகவே ஐந்தாறு ஆண்டுகள் பிடித்தன.

கட்டும் காலத்தின் இந்தச் சேதத்தைச் சட்டபூர்வமாகக் கணக்கில் எடுத்துக்கொண்ட ஒரு முடிவு ஹாங்காங்கில் வந்தது. லோக் மா சாவ் கிளைப் பாதையை லாங் வேலி (Long Valley) என்ற ஈர நிலத்துக்கு மேல் தூண்களில் கொண்டுபோக கவுலூன்–கான்டன் ரயில்வே கழகம் திட்டமிட்டது. இரண்டு ஆறுகளுக்கு நடுவே வயலும் சேறுமாகக் கிடக்கும் இடம், ஏகப்பட்ட பறவைகள். 2000 அக்டோபரில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இயக்குநர் ஆய்வறிக்கையை ஏற்க மறுத்தார். மேல்முறையீடும் 2001 ஜூலையில் தள்ளுபடியானது. கட்டும் காலத்தில் பறவைகள் தங்கத் தற்காலிக ஈர நிலம் அமைக்கிறோம் என்ற வாக்குறுதி போதவில்லை. கடைசியில் அந்தப் பகுதியைச் சுரங்கமாகவே குடைந்தார்கள். 2007 ஆகஸ்ட் 15 அன்று ரயில் ஓடியது. நகரமும் நின்றுபோகவில்லை, லாங் வேலியும் இருக்கிறது. எல்லா ஊரிலும் சுரங்கம் சாத்தியமில்லை, தேவையும் இல்லை. அந்த முடிவில் எனக்கு முக்கியம், 'வேண்டாம், வேறு வழி பாருங்கள்' என்று சொல்லும் அதிகாரம் ஒருவர் கையில் இருந்தது, அதுவும் தூண் இறங்குவதற்கு முன்பே.

எதிர்த்தரப்பில் இப்போது எல்லோரும் பிரிட்டனின் எச்எஸ்2 என்ற அதிவேக ரயில் திட்டத்தைக் காட்டுகிறார்கள். ஷீப்ஹவுஸ் காட்டின் ஓரத்தில் வெளவால்கள் ரயிலில் அடிபடாமல் இருக்கத் தண்டவாளத்துக்கு மேல் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குக் கூரை. 10 கோடி பவுண்டுக்கு மேல். 'இப்படியே போனால் எதையும் கட்ட முடியாது' என்கிறார்கள். எனக்கு அதிலிருந்து கிடைக்கும் பாடம் நேர் எதிர். காட்டை ஒட்டி ரயில் பாதைக்குக் கோடு போட்டுவிட்டு, பிறகு வெளவாலைக் கணக்கில் சேர்த்தால் கூரைதான் போட வேண்டிவரும்.

பாலத்தடியிலிருந்து திரும்பி வந்த பிறகு நண்பன் சொன்னதை இங்கே எழுதியே ஆக வேண்டும். "மண் பரிசோதனைக்கு முன்னாடி சொல்லு, ஒரு கண்ணைக் கூட்டி கரைத்தூணைப் பின்னால தள்ளிடலாம். எனக்கு அது ஒரு வாரக் கணக்கு. தூணுக்கு அடியில மண்ணுக்குள்ள பைல் இறக்கின பிறகு வந்து நரின்னா நான் என்னப்பா பண்றது?" நியாயமான பேச்சு. சுற்றுச்சூழல் ஆய்வாளரைப் பெரும்பாலும் கோடு முடிவான பிறகுதான் கூப்பிடுகிறார்கள். அவர் கையில் மிஞ்சுவது செடி நடுவதும் பலகை வைப்பதும்தான். குறைந்தது ஒரு முழு ஆண்டு, எல்லாப் பருவத்திலும், கரையில் கேமரா வைத்து யார் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று பார்த்துவிட்டு, அந்தத் தாளைப் பாலம் வடிவமைப்பவரின் மேசையில் முதல் நாளே வைக்க வேண்டும். ஒப்பந்தத்தில் கரையோர மண்ணுக்கும் ஒரு அளவு எழுத வேண்டும், ரயிலுக்கு எழுதுவது போலவே: வெள்ள மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் அகலம், இத்தனை மீட்டர் உயரம், தரை மண்ணாக இருக்க வேண்டும் என்று. கட்டும்போது ஒரு கரையாவது எந்நேரமும் திறந்திருக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். திறப்பு விழாவுக்குப் பிறகு ஐந்தாறு ஆண்டாவது கேமராவைப் பார்க்க ஆளும் பணமும் ஒதுக்கி, யாரும் நடக்கவில்லை என்று தெரிந்தால் கல்லை மாற்றி அடுக்கும் பொறுப்பு யாருடையது என்பதைப் பெயர் போட்டு எழுதிவிட வேண்டும்.